குறைந்த அதிர்வெண் கேரியரில் வீச்சைப் பிரித்தெடுக்க எந்தச் சர்க்யூட்? முழுமையான வழிகாட்டி

எல்விடிடி என்னும் இடப்பெயர்ச்சி சென்சாரை முதல்முறை மேசையில் வைத்தவர்கள் பலரும் செய்வது இதுதான்: பள்ளிப் பாடத்தில் பார்த்த ரேடியோ சர்க்யூட்டை நினைவுபடுத்தி, ஒரு டயோடு, ஒரு கெப்பாசிட்டர், ஒரு ரெசிஸ்டர் போட்டு மல்டிமீட்டரை வைப்பார்கள். சென்சாரின் கோரை (சுருள்களுக்குள் நகரும் இரும்புத் தண்டு) அரை மில்லிமீட்டர் நகர்த்தினால் மீட்டர் அசையாது. ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினாலும் அசையாது. சென்சார் பழுதோ என்று சந்தேகம் வரும். சென்சாரில் குறையே இல்லை. ரேடியோவுக்குப் பொருந்தும் சர்க்யூட்டை அளவீட்டு வேலைக்குக் கொண்டுவந்ததுதான் சிக்கல்.

பாடநூல் இதை வீச்சுப் பண்பேற்றம், பண்பிறக்கம், ஊர்தி அலை என்று சொல்லும். பட்டறையில் கேரியர், டிமாடுலேஷன் என்கிறோம். தகவலைத் தன் வீச்சில் சுமந்து வரும் அலைதான் கேரியர்; அந்தத் தகவலைப் பிரித்தெடுப்பதே டிமாடுலேஷன். நான் கேரியர் என்றே எழுதுகிறேன். இங்கே குறைந்த அதிர்வெண் என்று நான் சொல்வது சில நூறு ஹெர்ட்ஸிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோஹெர்ட்ஸ் வரை. எல்விடிடி, ரிசால்வர் (கோணத்தை அளக்கும் சென்சார்), ஏசி முறையில் இயங்கும் ஸ்ட்ரெய்ன் கேஜ் பாலம், ஒளியைத் துடிக்க வைத்து அளக்கும் சென்சார்கள், நீண்ட அலையில் வரும் நேர சிக்னல்கள் எல்லாம் இந்த எல்லைக்குள்தான் வருகின்றன.

இந்த எல்லைக்குள் நான் பிடித்துக்கொள்ளும் கருத்து ஒன்றுதான். இங்கே கேரியரைப் பெரும்பாலும் நாமே உருவாக்குகிறோம். அதன் அதிர்வெண்ணும் ஃபேஸும் (அலை தன் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது) நம் கையிலேயே இருக்கின்றன. அந்தத் தகவலைத் தூக்கிப் போட்டுவிட்டு, எங்கிருந்தோ வரும் அலையைப் போல டயோடால் வீச்சை ஊகிப்பது பெரிய இழப்பு. கீழே வரும் தேர்வுகள் எல்லாம் இந்தக் கருத்தைச் சுற்றியே அமைந்தவை.

முதல் படி: காகிதத்தில் எண்கள்

சர்க்யூட்டைத் தேடும் முன் சில எண்களை எழுதிக்கொள்ளுங்கள். கேரியர் அதிர்வெண் எவ்வளவு? அதன்மேல் ஏறியுள்ள தகவல் எவ்வளவு வேகமாக மாறும்? நீங்கள் பிரித்தறிய வேண்டிய மிகச் சிறிய வீச்சு எது, மிகப் பெரியது எது? எவ்வளவு துல்லியம் வேண்டும்? இந்தக் கட்டுரை முழுக்க ஓர் உதாரணத்தையே எடுத்துச் செல்கிறேன். எல்விடிடி ஒன்றுக்கு 5 கிலோஹெர்ட்ஸில் 3 வோல்ட் ஆர்எம்எஸ் கொடுக்கிறோம். அதன் உணர்திறன், கொடுக்கும் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் ஒரு மில்லிமீட்டருக்கு 80 மில்லிவோல்ட். அப்படியானால் 1 மில்லிமீட்டருக்கு 240 மில்லிவோல்ட் ஆர்எம்எஸ், 1 மைக்ரானுக்கு 0.24 மில்லிவோல்ட். நகர்வு இருபுறமும் 2.5 மில்லிமீட்டர், அது நொடிக்கு 50 முறை வரை மாறலாம்.

தொடக்கத்தில் சொன்ன மர்மம் இந்தக் கணக்கிலேயே தெளிந்துவிடும். 240 மில்லிவோல்ட் ஆர்எம்எஸ் என்றால் உச்சம் சுமார் 340 மில்லிவோல்ட். 1என்4148 போன்ற சிலிக்கான் டயோடு தாராளமாகக் கடத்த 0.6 வோல்ட் அளவு வேண்டும். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தும் டயோடு விழிக்காமல் இருந்ததில் வியப்பில்லை.

இரண்டாம் படி: திசை வேண்டுமா, மேற்கோள் அலை (ஒப்பிட்டுப் பார்க்க உதவும் கேரியரின் நகல்) இருக்கிறதா?

எல்விடிடியில் பிரைமரி சுருளுக்குக் கேரியரைக் கொடுத்து, செகண்டரி சுருள்களில் வெளியீட்டை எடுக்கிறோம். இரண்டு செகண்டரி சுருள்களும் எதிரெதிராக இணைக்கப்பட்டவை. கோர் நடுவில் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இடப்பக்கம் நகர்ந்தாலும் வீச்சு கூடும், வலப்பக்கம் நகர்ந்தாலும் வீச்சு கூடும். வேறுபாடு ஃபேஸில் மட்டும்தான்: ஒரு பக்கத்தில் கேரியரோடு ஒத்தும், மறுபக்கத்தில் 180 டிகிரி திரும்பியும் இருக்கும். வீச்சை மட்டும் பார்க்கும் எந்தச் சர்க்யூட்டும் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாது. வரைபடம் போட்டால் நேர்கோடு வர வேண்டிய இடத்தில் ஆங்கில வி எழுத்து வடிவம் வரும்.

அதைவிட நுட்பமான தொல்லை ஒன்று உண்டு. நடுப்புள்ளியில் வெளியீடு முழுப் பூஜ்யமாகாது. சுருள்களுக்கிடையிலான கெப்பாசிட்டன்ஸாலும் இரும்பு இழப்பாலும், 90 டிகிரி விலகிய ஒரு சிறு மின்னழுத்தம் மிஞ்சி நிற்கும். அது 2 மில்லிவோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான சிக்னலும் 2 மில்லிவோல்ட் ஆக இருக்கும்போது வீச்சை அளக்கும் சர்க்யூட் 2.8 மில்லிவோல்ட் காட்டும். சிக்னல் பூஜ்யமானாலும் அது 2-க்குக் கீழே இறங்காது. நம் உதாரணத்தில் இது 8 மைக்ரான் பிழை. ஃபேஸை அறிந்து பிரிக்கும் சர்க்யூட்டுக்கோ அந்த 90 டிகிரிப் பகுதி கண்ணிலேயே படாது.

ஆகவே திசை வேண்டும் என்றாலோ, நடுப்புள்ளி அருகே துல்லியம் வேண்டும் என்றாலோ, சிங்க்ரனஸ் முறையை, அதாவது மேற்கோள் அலையோடு ஒத்திசைந்து பிரிக்கும் முறையைத் தவிர வேறு வழி தேடாதீர்கள். திசை தேவையில்லை, கேரியரும் உங்களுடையதில்லை என்றால் எளிய சர்க்யூட்டுகளைப் பார்க்கலாம். அவற்றை முதலில் முடித்துவிடுவோம்.

டயோடு டிடெக்டர் எங்கே பொருந்தும்?

இதன் வேர் இந்திய மண்ணிலும் உண்டு. ஜகதீஷ் சந்திர போஸ் 1901-இல் விண்ணப்பித்து 1904-இல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை, கலீனா படிகத்தை மின்னலைகளை உணரும் கருவியாகப் பயன்படுத்துவது பற்றியது. இன்றைய டயோடு டிடெக்டர் அந்த வம்சத்தில் வந்தது.

இதில் தேர்ந்தெடுக்க வேண்டியது ஆர்சி பெருக்கற்பலன் ஒன்றுதான். அது கேரியரின் ஒரு சுற்றைவிட நன்றாகப் பெரிதாக இருக்க வேண்டும். தகவல் இறங்கும் வேகத்துக்கு ஈடுகொடுக்கும் அளவுக்குச் சிறிதாகவும் இருக்க வேண்டும். மேல் எல்லைக்கு ஒரு சூத்திரம் உண்டு: பண்பேற்ற அளவை எம் என்று கொண்டால், ஒன்றிலிருந்து எம்மின் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்து, அதை எம், 2 பை, தகவலின் அதிர்வெண் மூன்றின் பெருக்கலால் வகுக்க வேண்டும். எம் 0.8, தகவல் 50 ஹெர்ட்ஸ் என்றால் 2.4 மில்லிசெகண்ட் வரும். இதைத் தாண்டினால் அலை இறங்கும்போது கெப்பாசிட்டர் பின்தங்கி, வளைவு இருக்க வேண்டிய இடத்தில் சாய்கோடு தெரியும்.

10 கிலோ ஓமும் 0.1 மைக்ரோஃபாரடும் போட்டால் 1 மில்லிசெகண்ட். எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் 5 கிலோஹெர்ட்ஸ் கேரியரின் ஒரு சுற்று 200 மைக்ரோசெகண்ட். அந்த இடைவெளியில் கெப்பாசிட்டர் 18 சதவீதம் வடிந்துவிடும். எல்லையை ஒட்டி 2.4 மில்லிசெகண்டுக்கே போனாலும் 8 சதவீத ரிப்பிள் (வெளியீட்டில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்) மிஞ்சும். ரேடியோவில் 455 கிலோஹெர்ட்ஸ் ஐஎஃப் (இடைநிலை அதிர்வெண்), 5 கிலோஹெர்ட்ஸ் ஒலி என்று வைத்தாலும் விகிதம் ஏறக்குறைய இதேதான், ரிப்பிளும் இதே அளவுதான். ஆனால் 455 கிலோஹெர்ட்ஸைக் காது கேட்பதில்லை, அதனால் யாருக்கும் தொந்தரவில்லை. அளவீட்டில் அந்த ரிப்பிள் நேராகத் திரையில் எண்ணாகத் துடிக்கும். ரேடியோ சர்க்யூட்டை இங்கே கொண்டுவர வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

இது பொருந்தும் இடம் ஒன்றைச் சொல்கிறேன். ஜெர்மனியின் மைன்ஃப்ளிங்கனிலிருந்து 77.5 கிலோஹெர்ட்ஸில் வரும் டிசிஎஃப்77 நேர சிக்னலில், நொடியின் தொடக்கத்தில் கேரியரின் வீச்சு சுமார் 15 சதவீதத்துக்கு இறங்கும். 0.1 நொடி இறங்கியிருந்தால் பூஜ்யம், 0.2 நொடி என்றால் ஒன்று. வீச்சு சரியாக எவ்வளவு என்பது இங்கே தேவையில்லை. இறங்கியதா இல்லையா என்று தெரிந்தால் போதும். டியூன் செய்த ஆம்ப்ளிஃபயரால் சிக்னலைச் சில வோல்ட் அளவுக்கு உயர்த்தி, டயோடு டிடெக்டரையும் ஒரு கம்பேரேட்டரையும் போட்டால் வேலை முடிந்துவிடும். இதற்குமேல் செலவழிக்க வேண்டியதில்லை.

ஜெர்மானியம் டயோடோ ஷாட்கி டயோடோ போட்டால் வாசல் மின்னழுத்தம் 0.2, 0.3 வோல்ட்டுக்கு இறங்கும். உதவிதான், ஆனால் அது வெப்பநிலையோடு நகரும். துல்லியம் தேவைப்படும் இடத்தில் இது தீர்வாகாது.

துல்லிய ரெக்டிஃபயர்

டயோடை ஆப்-ஆம்பின் பின்னூட்டத்துக்குள் வைத்தால் அந்த 0.6 வோல்ட்டை ஆப்-ஆம்ப் தானே ஈடுகட்டிவிடும். மில்லிவோல்ட் அளவிலும் ரெக்டிஃபை செய்யலாம். திசை தேவையில்லாத, இரைச்சல் குறைந்த சிக்னலுக்கு இது நல்ல தேர்வு.

ஆனால் ஒரு டயோடு மட்டும் உள்ள எளிய வடிவத்தைப் போடாதீர்கள். சிக்னல் எதிர்ப்பக்கம் போனதும் டயோடு அடைத்துக்கொள்ள, பின்னூட்டம் அறுந்து, ஆப்-ஆம்பின் வெளியீடு சப்ளையின் அடிவரை போய் நிற்கும். அடுத்த அரைச்சுற்றில் அது மீண்டும் மேலே ஏற வேண்டும். எல்எம்358 என்னும் ஆப்-ஆம்பின் ஸ்லூ ரேட், அதாவது வெளியீடு மாறக்கூடிய வேகம், மைக்ரோசெகண்டுக்கு சுமார் 0.3 வோல்ட். மைனஸ் 15 வோல்ட்டிலிருந்து ஏறிவர 50 மைக்ரோசெகண்ட் பிடிக்கும். 5 கிலோஹெர்ட்ஸின் அரைச்சுற்று மொத்தமே 100 மைக்ரோசெகண்ட். பாதி அலை காணாமல் போய்விடும்! ஸ்கோப்பில் பார்த்தால் குன்றின் இடப்பக்கம் செங்குத்தாக வெட்டப்பட்டதுபோல் இருக்கும்.

இரண்டு டயோடுகள் உள்ள, தலைகீழாக்கும் வடிவத்தில் வெளியீடு அடிவரை போகாது; இரண்டு டயோடு அளவு, அதாவது 1.2 வோல்ட் மட்டும் தாவினால் போதும். எல்எம்358 அதற்கு 4 மைக்ரோசெகண்ட் எடுக்கும். மைக்ரோசெகண்டுக்கு 13 வோல்ட் தாவும் டிஎல்072-க்கு அது ஒரு பொருட்டே இல்லை. இரண்டாம் ஆப்-ஆம்பை கூட்டியாகப் போடுங்கள்: மூல சிக்னல் ஒரு 10 கிலோ ஓம் வழியாக, அரை அலை வெளியீடு 5 கிலோ ஓம் வழியாக, பின்னூட்டம் 10 கிலோ ஓம். முழு அலை கிடைத்துவிடும். 5 கிலோ ஓம் தனியாகத் தேடாமல், அதே சுருளிலிருந்து எடுத்த இரண்டு 10 கிலோ ஓம்களை இணையாகப் போட்டால் பொருத்தம் நன்றாக அமையும். ரெசிஸ்டர்கள் ஒத்துப்போகாவிட்டால் ஒரு குன்று உயரமாகவும் அடுத்தது குட்டையாகவும் வரும்; வடிகட்டக் கடினமான 5 கிலோஹெர்ட்ஸ் ரிப்பிள் மிஞ்சும்.

இதன் உண்மையான வரம்பு இரைச்சல். ரெக்டிஃபயருக்குச் சிக்னல் எது, இரைச்சல் எது என்று தெரியாது. எல்லாவற்றையும் நேர்ப்பக்கமாகத் திருப்பிக் கூட்டிவிடும். பிறகு எவ்வளவுதான் வடிகட்டினாலும் அந்தக் கூடுதல் போகாது.

சிங்க்ரனஸ் டிடெக்டர்: கேரியர் உங்களுடையது என்றால் இதுதான்

தத்துவம் எளிது. கேரியர் நேர்ப்பக்கம் இருக்கும்போது சிக்னலை அப்படியே விடு, எதிர்ப்பக்கம் இருக்கும்போது தலைகீழாக்கு. பிறகு சராசரி எடு. கேரியரோடு ஒத்து வருவது மட்டும் நேர் மின்னழுத்தமாகச் சேரும். 180 டிகிரி திரும்பி வருவது எதிர் மின்னழுத்தமாகும். திசை தானாகக் கிடைத்துவிட்டது. 90 டிகிரியில் வருவதும், வேறு அதிர்வெண்ணில் வருவதும் நீண்ட சராசரியில் கரைந்துபோகும். வெளியீடு, உச்ச வீச்சை 0.637-ஆலும் ஃபேஸ் வித்தியாசத்தின் கொசைனாலும் பெருக்கியது.

இதைக் கட்ட ஒரு ஆப்-ஆம்ப், 0.1 சதவீதத்துக்குள் ஒத்த இரண்டு 10 கிலோ ஓம், ஒரு சிடி4053 (இருவழி அனலாக் ஸ்விட்ச் ஐசி) போதும். உள்ளீட்டிலிருந்து ஆப்-ஆம்பின் மைனஸ் காலுக்கு ஒரு 10 கிலோ ஓம், அங்கிருந்து வெளியீட்டுக்கு மற்றொன்று. ப்ளஸ் காலை 4053-இன் 14-ஆம் காலோடு இணையுங்கள். 12-ஆம் கால் கிரவுண்டுக்கு, 13-ஆம் கால் சிக்னலுக்கு, 11-ஆம் கால் மேற்கோள் சதுர அலைக்கு. 16-ஆம் காலுக்கு ப்ளஸ் 5 வோல்ட், 7-ஆம் காலுக்கு மைனஸ் 5, 6-ஆம் 8-ஆம் கால்கள் கிரவுண்டுக்கு. பயன்படாத 9, 10 கால்களையும் கிரவுண்டில் கட்டிவிடுங்கள். மிதக்க விட்டால் உள்ளே தன்னிஷ்டத்துக்கு ஸ்விட்ச் ஆகும். ஆப்-ஆம்புக்கு ப்ளஸ் மைனஸ் 12 வோல்ட் கொடுக்கலாம். ஆனால் 4053-க்குள் நுழையும் சிக்னல் 5 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. 13-ஆம் காலுக்கு முன் 1 கிலோ ஓம் ஒன்று காவலுக்கு இருக்கட்டும்.

ப்ளஸ் கால் கிரவுண்டில் இருக்கும்போது பெருக்கம் மைனஸ் ஒன்று, சிக்னலில் இருக்கும்போது ப்ளஸ் ஒன்று. இங்கே பலரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒற்றை ஸ்விட்ச் மட்டும் வைத்து, ப்ளஸ் காலுக்கு 10 கிலோ ஓம் வழியாகச் சிக்னலைக் கொடுத்து, ஸ்விட்சால் அதைக் கிரவுண்டுக்கு இழுக்கும் படங்கள் நிறையக் கிடைக்கும். ஸ்விட்சின் உள்தடை 200 ஓம் என்றால், கிரவுண்டுக்கு இழுத்த பிறகும் சிக்னலில் 2 சதவீதம் அந்தக் காலில் மிஞ்சும். ஆப்-ஆம்ப் அதை இரண்டால் பெருக்கும். மைனஸ் ஒன்று வர வேண்டிய இடத்தில் மைனஸ் 0.96 வரும். உள்தடை வெப்பத்தோடு மாறும், அதனால் இந்தப் பிழையும் நகர்ந்துகொண்டே இருக்கும். நான் சொன்ன இருவழி ஸ்விட்ச் முறையில் ஆப்-ஆம்பின் காலுக்குள் மின்னோட்டமே போவதில்லை என்பதால் உள்தடை எவ்வளவு இருந்தாலும் கவலையில்லை. அதே விலை, அதே உழைப்பு, பிழை மட்டும் இல்லை.

ஃபேஸைச் சரிசெய்வது

மைக்ரோகன்ட்ரோலரின் ஒரு டைமரிலிருந்து 5 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை எடுத்து, வடிகட்டி சைன் ஆக்கி, எல்விடிடியின் பிரைமரிக்கு அனுப்புகிறீர்கள். அது ஃபில்டரிலும் சுருளிலும் ஆம்ப்ளிஃபயரிலும் தாமதமாகித் திரும்பி வரும். மேற்கோள் அலையையும் அதே அளவு தாமதப்படுத்த வேண்டும். அதே டைமரின் இரண்டாம் சானலைப் பயன்படுத்தினால் தாமதத்தை ஓர் எண்ணாகவே மாற்றலாம். இதைவிட வசதியான வழி இல்லை. அனலாக் முறையில் பிரைமரி மின்னழுத்தத்திலிருந்து எல்எம்393 கம்பேரேட்டரால் சதுர அலை எடுப்பதாக இருந்தால், அதன் 1.3 மைக்ரோசெகண்ட் தாமதம் 5 கிலோஹெர்ட்ஸில் சுமார் 2.3 டிகிரி என்பதைக் கணக்கில் வையுங்கள்.

கோரை ஒரு கோடிக்குத் தள்ளி, ஃபில்டருக்கு முன்னால் ஸ்கோப்பை வைத்துப் பாருங்கள். ஃபேஸ் சரியாக இருந்தால் வரிசையாக ஒட்டகத் திமில்கள் தெரியும், ஒவ்வொன்றும் பூஜ்யக் கோட்டில் தொடங்கிப் பூஜ்யக் கோட்டிலேயே முடியும். பிசகியிருந்தால் திமிலின் கால்மாட்டில் செங்குத்துக் கோடு ஒன்று பூஜ்யத்துக்குக் கீழே குத்தி இறங்கும்.

கண்ணால் இப்படிச் சரிசெய்வது தோராயத்துக்குத்தான். துல்லியமாக வேண்டுமானால் வெளியீடு உச்சமாகும் இடத்தைத் தேடாதீர்கள். உச்சத்தில் கொசைன் தட்டையாக இருக்கும். 1 டிகிரி பிசகினால் வெளியீடு 0.015 சதவீதம்தான் குறையும், அதை உங்கள் மீட்டர் காட்டாது. அதற்குப் பதிலாக மேற்கோளை 90 டிகிரி தள்ளி வைத்து, வெளியீடு பூஜ்யமாகும்வரை தாமதத்தை மாற்றுங்கள். அங்கே 1 டிகிரிக்கு 1.7 சதவீதம் மாறும், நூறு மடங்கு தெளிவு. பூஜ்யம் கிடைத்ததும் 90 டிகிரி பின்னால் வாருங்கள். டைமர் எண்ணிக்கையில் அது ஒரு சுற்றின் சரியான கால் பங்கு.

கேரியர் அதிர்வெண்ணை எங்கே வைப்பது?

சதுர அலையால் பெருக்கும்போது மூன்றாம் ஹார்மானிக் மூன்றில் ஒரு பங்கும், ஐந்தாவது ஐந்தில் ஒரு பங்கும் உள்ளே வரும். 15 கிலோஹெர்ட்ஸில் ஏதாவது இரைச்சல் இருந்தால் அது அளவீட்டில் கலக்கும். முன்னால் ஒரு மிதமான பேண்ட்பாஸ் ஃபில்டர் போடுங்கள். மிகக் கூர்மையாக வேண்டாம். கூர்மையான ஃபில்டரின் ஃபேஸ் சிறு வெப்ப மாற்றத்துக்கே தடுமாறும்.

கேரியருக்கு மிக அருகில் விழும் இரைச்சலை எந்த டிடெக்டரும் பிரிக்காது. கோவைப் பக்கம் ஒரு பட்டறையில் கேஜ் ஒன்றின் அளவு சில மைக்ரான் மெதுவாக மேலும் கீழும் ஊஞ்சலாடியது. சென்சாரை மாற்றினோம், கேபிளை மாற்றினோம், மாறவில்லை. அடுத்த மெஷினை நிறுத்திய நிமிடம் ஊஞ்சல் நின்றது. அதில் மோட்டாரை ஓட்டும் விஎஃப்டியின் ஸ்விட்சிங் அதிர்வெண் 5 கிலோஹெர்ட்ஸில் அமைக்கப்பட்டிருந்தது. நம் கேரியரும் அதேதான். இரண்டுக்கும் இடையிலான சிறு வித்தியாசம்தான் ஊஞ்சலாகத் தெரிந்தது. டிரைவை 8 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் தீர்ந்தது. விஎஃப்டிகள் பொதுவாக 2 முதல் 16 கிலோஹெர்ட்ஸுக்குள் ஸ்விட்ச் ஆகின்றன. கருவி வேலை செய்யப்போகும் இடத்தைப் பார்த்துவிட்டுக் கேரியரை முடிவு செய்யுங்கள்.

400 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த கேரியர் என்றால் மின்தொகுப்பின் ஹார்மானிக்குகளைப் பாருங்கள். 400 என்பது 50-இன் எட்டாம் மடங்கு. 375 அல்லது 425 எடுத்தால் இருபுறமும் 25 ஹெர்ட்ஸ் இடைவெளி கிடைக்கும். வெளியீட்டு ஃபில்டரை அதற்குக் கீழே வைக்க முடிந்தால் நிம்மதி.

ஆயத்த ஐசிகள்

ஏடி630 என்பது மேலே கட்டிய சர்க்யூட்டைப் பொருத்திய ரெசிஸ்டர்களோடு ஒரே சில்லில் தருவது. சிக்னலைவிட இரைச்சல் 100 டெசிபல் பெரிதாக இருந்தாலும் மீட்க முடியும் என்று அதன் டேட்டாஷீட் சொல்கிறது. விலை அதிகம். மிகச் சிறிய சிக்னலைத் தேடும் ஆய்வக வேலைக்கு அது தகும். பட்டறைக் கேஜுக்கு 4053 போதும் என்பது என் கருத்து. எங்காவது மலிவாகக் கிடைக்கும் ஏடி630, போலியாக இருக்கலாம்; வாங்கும் முன் இருமுறை யோசியுங்கள்.

எல்விடிடிக்கென்றே வந்தவை ஏடி598, ஏடி698. ஏடி598 இரண்டு செகண்டரிகளையும் தனித்தனியே அளந்து, வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுக்கும். இதனால் பிரைமரி மின்னழுத்தம் நகர்ந்தாலும் அளவு மாறாது, ஃபேஸ் சரிசெய்யும் வேலையும் இல்லை. ஆனால் கூட்டுத்தொகை நகர்வு முழுக்க மாறாமல் இருக்கும் சென்சார் வேண்டும். இரண்டு செகண்டரிகளின் கம்பிகளும் தனியாக வெளியே வந்திருக்க வேண்டும். ஏடி698 சிங்க்ரனஸ் முறையில் இயங்குவது.

ஏடி633, எம்சி1496 போன்ற பெருக்கி ஐசிகளையும் சிலர் பரிந்துரைப்பார்கள். ஏடி633-க்கு சைன் மேற்கோள் கொடுத்தால் ஹார்மானிக் தொல்லை குறையும் என்பது உண்மை. ஆனால் மேற்கோளின் வீச்சு மாறினால் வெளியீடும் மாறும், ஆஃப்செட்டும் சேரும். இந்த அதிர்வெண்ணில் ஸ்விட்ச்தான் துல்லியம். எம்சி1496 ரேடியோ அதிர்வெண்ணுக்கானது, அங்கேயே இருக்கட்டும்.

மைக்ரோகன்ட்ரோலரிலேயே முடிப்பது

கேரியரை உருவாக்கும் அதே மைக்ரோகன்ட்ரோலர், ஒரு சுற்றில் சரியாக நான்கு முறை ஏடிசியால் (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) அளக்கட்டும். முதல் அளவிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் ஒத்த பகுதி, இரண்டாவதிலிருந்து நான்காவதைக் கழித்தால் 90 டிகிரிப் பகுதி. டிசி ஆஃப்செட் கழித்தலிலேயே போய்விடும். இரண்டும் கையில் இருப்பதால் ஃபேஸ் சரிசெய்வதும் மென்பொருள் வேலை ஆகிவிடும். சென்சாரின் ஃபேஸ் முன்கூட்டித் தெரியாத இடங்களில் இதைவிடச் சிறந்தது இல்லை.

5 கிலோஹெர்ட்ஸுக்கு நொடிக்கு 20,000 அளவுகள் வேண்டும். ஆர்டுயினோ ஊனோ இயல்பு அமைப்பில் சுமார் 9,600 தான் எடுக்கும். ஒரு தந்திரம் இருக்கிறது: ஒன்றேகால் சுற்றுக்கு ஒருமுறை அளந்தால் ஒவ்வோர் அளவும் 90 டிகிரி முன்னேறும், நொடிக்கு 4,000 அளவுகளே போதும். ஆனால் இரண்டு முறையிலும் ஏடிசிக்கு முன்னால் ஃபில்டர் கட்டாயம். நான்கு அளவு முறையில் மூன்றாம் ஹார்மானிக் மூன்றில் ஒரு பங்காகக்கூடக் குறையாமல் முழுசாகக் கேரியர் வேடத்தில் உள்ளே வந்துவிடும். ஒன்றேகால் சுற்று முறையிலோ இன்னும் நிறைய அதிர்வெண்கள் அப்படி வேடமிட்டு வரும்.

ஏடிசியின் அளவிடும் நேரத்தை டைமரே தூண்ட வேண்டும். மென்பொருள் லூப்பில் வைத்தால் ஒவ்வொரு முறையும் சில மைக்ரோசெகண்ட் முன்பின்னாகி, அதுவே இரைச்சலாகும்.

வெளியீட்டு ஃபில்டர்

முழு அலையின் சராசரியோடு, கேரியரின் இருமடங்கு அதிர்வெண்ணில், சராசரியில் மூன்றில் இரண்டு பங்கு உயரமுள்ள ரிப்பிள் வரும். நமக்கு அது 10 கிலோஹெர்ட்ஸ். 100 ஹெர்ட்ஸில் வெட்டும் ஒற்றை ஆர்சி அதை நூறில் ஒரு பங்காக்கும், 0.67 சதவீதம் மிஞ்சும், அது போதாது. அதே 100 ஹெர்ட்ஸில் இரண்டாம் வரிசை சாலன்-கீ ஃபில்டர் போட்டால் 0.0067 சதவீதம், தாராளம். ஒற்றை ஆர்சியையே 10 ஹெர்ட்ஸுக்கு இறக்கலாமே என்றால், 0.1 சதவீதத்துக்குள் நிலைக்க 11 மில்லிசெகண்டுக்குப் பதில் 110 மில்லிசெகண்ட் ஆகும். 50 ஹெர்ட்ஸ் அசைவு ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

கேரியர், தகவலைவிடப் பத்து மடங்காவது இருக்க வேண்டும். நூறு மடங்கு இருந்தால் ஃபில்டர் எளிது. பத்துக்கும் கீழே என்றால் ஃபில்டரோடு போராடாமல், மேற்கோளைக் கொண்டு ஒவ்வோர் உச்சத்திலும் அளந்து பிடித்துவைக்கும் சாம்பிள்-ஹோல்டையோ, டிஜிட்டல் முறையையோ பாருங்கள். மெதுவான அளவீட்டுக்குச் சரியாக 20 மில்லிசெகண்ட் சராசரி எடுத்தால், டிடெக்டருக்குப் பின்னால் கம்பிகளில் ஒட்டிய 50 ஹெர்ட்ஸும் சேர்ந்து அழியும்.

பெட்டியில் அடைக்கும் முன்

உள்ளீட்டைக் கிரவுண்டில் கட்டி வெளியீட்டைப் பாருங்கள். அங்கே மிஞ்சுவது டிடெக்டருக்குப் பின்னுள்ள ஆஃப்செட்டும் ஸ்விட்சிலிருந்து கசியும் மின்னூட்டமும். பிறகு உள்ளீட்டில் 100 மில்லிவோல்ட் டிசி சேருங்கள். மேற்கோள் சரிபாதியாக இருந்தால் வெளியீடு அசையாது. அசைந்தால் சதுர அலையின் மேல்பாதியும் கீழ்பாதியும் சமமில்லை என்று பொருள். அதிர்வெண்ணை இருமடங்காக வைத்து ஒரு ஃபிளிப்-ஃபிளாப்பால் பாதியாக்கினால் சமமாகிவிடும். ஃபங்ஷன் ஜெனரேட்டரால் 15 கிலோஹெர்ட்ஸ் கொடுத்து, முன் ஃபில்டர் எவ்வளவு தடுக்கிறது என்று பாருங்கள். பிரைமரி மின்னழுத்தத்தை 5 சதவீதம் ஏற்றிப் பாருங்கள். அளவு கூடவே ஏறினால், பிரைமரியையும் அளந்து வகுக்கும் ஏற்பாடு தேவை.

கடைசியாக, கோரை ஒரு கோடியில் நிறுத்தி, தலைமுடி உலர்த்தியால் போர்டை மட்டும் பத்து நிமிடம் சூடாக்குங்கள். பிறகு போர்டை ஆறவிட்டு, சென்சாரை மட்டும் சூடாக்குங்கள். எது நகர்த்துகிறது என்று தெரியும். சென்சார் சூடாகும்போது நகர்ந்தால், 90 டிகிரிச் சோதனையை அந்தச் சூட்டிலேயே மறுபடி செய்யுங்கள். சுருள் கம்பியின் தடை ஏறி ஃபேஸ் எத்தனை டிகிரி போயிருக்கிறது என்பதை அந்தச் சோதனை நேரடியாகக் காட்டிவிடும்.